கல்லுக்குள் எண்ணூறு கோடிப் புள்ளிகள்

கம்ப்யூட்டரில் புதிய கிராபிக்ஸ் கார்டைப் பொருத்திய பிறகு வேலை முன்பைவிட மெதுவாகிவிட்டது. அது எப்படி என்றுதான் ரோஜாவுக்குப் புரியவில்லை.

கார்டு இல்லாமல் ஓடியபோது திரையின் மூலையில் "மீதி: நான்கு நாட்கள்" என்று இருந்தது. கார்டைப் பொருத்தி, அதற்கேற்றபடி நிரலை மாற்றி எழுதி ஓட விட்டால் "மீதி: ஆறு நாட்கள்" என்கிறது. வேலைக்கு ஆள் கூட்டினால் நாள் குறையத்தானே வேண்டும்? இங்கே கூடியிருந்தது. அவள் நிரலை மூன்றாவது தடவையாக மேலிருந்து கீழே படித்துப் பார்த்தாள். கணக்கில் பிழை இல்லை. சிறிய உருண்டை ஒன்றின் படங்களைக் கொடுத்துச் சோதித்தால் உருண்டை சரியாகவே வந்தது. சரியாக, ஆனால் ஆமை வேகத்தில்.

கார்டைப் பெட்டிக்குள் சொருகிக் கொடுத்த தென்னரசு, ஆய்வகத்தின் மின்சாதனங்களைப் பார்த்துக்கொள்பவன். திறந்திருந்த பெட்டிக்குள் கையை நீட்டி, கார்டின் முதுகைத் தொட்டுப் பார்த்தான்.

"இன்னாம்மா இது, மோர்ப் பானை மாதிரி சில்லுனு கீது. வேல செய்யுதா, இல்ல வந்த எடத்துல படுத்துக்கிச்சா?"

"ஓடிக்கினுதான் இருக்குதுண்ணா. நம்பர் மாறுது பாருங்க."

"ஓடற வண்டி சூடாவணும். இது ஷெட்ல நிக்கிற வண்டி."

அவன் விளையாட்டாகத்தான் சொன்னான். ஆனால் ரோஜாவுக்குச் சிரிப்பு வரவில்லை. அன்று வெள்ளிக்கிழமை. திங்கட்கிழமை சாயங்காலம் கல் சென்னைக்குப் போய்விடும். போனால் அறுத்துவிடுவார்கள்.

அந்தக் கல் அவள் அப்பா சவுரிராயன் கண்டெடுத்தது. கோலியனூரிலிருந்து ஆட்களோடு திருவக்கரைப் பக்கம் கிணறு ஆழப்படுத்தப் போனவர், செம்மண்ணுக்குள் ஒரு கட்டைத் துண்டைப் பார்த்திருக்கிறார். மட்டைத் தேங்காய் அளவு. மேலே பட்டை உரிந்த கோடுகள், பக்கத்தில் ஒரு கணு. "வெறகுன்னு நெனச்சி ஒரு கையில தூக்கினேன். கையக் கீழ இழுத்துக்கினு போயிடுச்சி" என்று அதைப் பற்றி யார் கேட்டாலும் சொல்வார். மரம், ஆனால் மரமில்லை. தண்ணீரில் கரைந்து வந்த மணல்சத்து நாருக்கு நார் உள்ளே புகுந்து, மரம் இருந்த இடத்தில் எல்லாம் கல்லாகி நின்றுகொண்டது. கிணற்றுக்காரர் வேண்டாம் என்றுவிட்டதால் அவர் அதை வீட்டுக்குத் தூக்கி வந்து, கழுவித் துடைத்து, அலமாரியில் மாதா படத்துக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார்.

திண்டிவனத்தில் அவள் வேலை பார்க்கும் கல்லூரியின் நிலவியல் துறைத் தலைவர் குமரேசன் அந்தக் கல்லைப் பார்த்ததும் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தார். "ரெண்டு கோடி வருசம் இருக்கும்மா" என்றார். அப்பா அதைத் துறைக்குக் கொடுக்கச் சம்மதித்தபோது ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"ஒடைக்க மாட்டாங்க இல்ல?"

"மாட்டாங்கப்பா. நான் இருக்கேன் இல்ல" என்றிருந்தாள் ரோஜா.

கல்லின் பக்கவாட்டில் சுண்டுவிரல் நுழையாத அளவுக்கு ஒரு கரிய ஓட்டை. அது வெறும் வெடிப்பாக இருக்கலாம். இல்லாவிட்டால் மரம் மரமாக இருந்த காலத்தில் ஏதோ பூச்சி குடைந்த வழியாக இருக்கலாம். உள்ளே பார்த்தால்தான் தெரியும். பூச்சிப் புதைபடிவங்களையே படித்த அறிஞர் ஒருவர் செவ்வாய்க்கிழமை, ஒரே ஒரு நாள், சென்னைக்கு வருகிறார். அவரிடம் கல்லின் உட்புறப் படத்தைக் காட்ட வேண்டும், அல்லது அறுத்த கல்லைக் காட்ட வேண்டும். அதனால்தான் கல்லை ஏற்கெனவே எக்ஸ்ரேக்கு அனுப்பி, படங்களை வாங்கி வைத்திருந்தார்கள். அந்தப் படங்களிலிருந்து கல்லின் உட்புறத்தைக் கட்டி எழுப்பும் நிரலை நானே எழுதுகிறேன் என்று ரோஜா சொல்லியிருந்தாள்.

குமரேசன் கையில் டீக் கோப்பையோடு உள்ளே வந்தார்.

"என்னம்மா, எவ்வளவு தூரம்?"

"ஆறு நாள் காட்டுது சார்."

"நேத்து நாலு நாளுன்னு சொன்னியே! நிர்வாகத்துக்கிட்ட நடையா நடந்து பதினாறு கோர் கம்ப்யூட்டர் வாங்கிக் குடுத்தேன். அது பத்தலைன்னு இந்தக் கார்டையும் வாங்கினோம். பதினாறு மூளை இருக்கிற இடத்துல இது எதுக்குன்னு இன்னமும் எனக்குப் புரியல."

ரோஜா நாற்காலியை அவர் பக்கம் திருப்பினாள். எது எப்படி வேலை செய்கிறது என்று யாராவது கேட்டால் அவளுக்குக் கவலைகூட ஒரு நிமிடம் மறந்துபோகும்.

"எக்ஸ்ரே படம்ங்கிறது நிழல்தான் சார். கல்லைக் கொஞ்சம் கொஞ்சமா சுத்தி, ஒவ்வொரு பக்கமா ரெண்டாயிரம் நிழல் எடுத்திருக்காங்க. இப்ப கல்லுக்குள்ள ஒரு புள்ளியை எடுத்துக்குங்க. அந்தப் புள்ளியில என்ன இருக்குதுன்னு தெரியணும்னா, ரெண்டாயிரம் நிழல்கிட்டயும் போய், 'இந்தப் புள்ளி வழியா வந்த கதிர் எவ்வளவு மங்கிச்சு'ன்னு கேட்டு, எல்லாத்தையும் கூட்டணும். இந்த மாதிரி கல்லுக்குள்ள எண்ணூறு கோடிப் புள்ளி."

குமரேசன் டீயைக் குடிக்க மறந்தார். "ஒவ்வொண்ணுக்கும் ரெண்டாயிரம் கேள்வியா?"

"ஆமாம் சார். ஆனா எல்லாம் ஒரே கேள்வி. ஒரு புள்ளி இன்னொரு புள்ளியோட பதிலுக்காகக் காத்திருக்க வேண்டியதும் இல்ல. பதினாறு கோர் இருக்குதுல்ல, அதுல ஒவ்வொண்ணும் முழு பிராசசர் சார். இப்படி வந்தா இதைச் செய், அப்படி வந்தா அதைச் செய்னு தானே முடிவெடுக்கும். ஒண்ணு மெயில் பார்க்கும், ஒண்ணு பைலைத் திறக்கும், எதைக் குடுத்தாலும் செய்யும். ஆனா எண்ணிக்கை பதினாறுதான். கோ-பிராசசர்ங்கிறது வேற ஜாதி. அது தானா எதையும் தொடங்காது. மெயின் பிராசசர் கூப்பிட்டு வேலை சொல்லணும். ஒரு வகை வேலைதான் அதுக்கு நல்லா வரும், ஆனா அதுல அதை மிஞ்ச முடியாது. அந்தக் காலத்துல தசமப் புள்ளிக் கணக்குக்குன்னே தனியா ஒரு சிப்பு வாங்கிப் பக்கத்துல சொருகுவாங்க. இப்ப அது பிராசசருக்குள்ளயே போயிடுச்சு. இந்த கிராபிக்ஸ் கார்டும் ஒரு கோ-பிராசசர்தான். உள்ள ஆயிரக்கணக்குல சின்னச் சின்னக் கணக்குப் போடற உறுப்பு இருக்குது. ஒரே கட்டளைக்கு எல்லாம் ஒரே சமயத்துல ஒரே கணக்கைப் போடும், ஆளுக்கொரு புள்ளிக்கு."

"அப்ப ஒண்ணு பதினாறு பேராசிரியருங்க இருக்கிற டிபார்ட்மென்ட். இன்னொண்ணு வாய்ப்பாடு ஒப்பிக்கிற ஆயிரக்கணக்கான பள்ளிக்கூடப் பிள்ளைங்க."

"அப்படியே வெச்சுக்கலாம் சார்."

"பதினாறு பேராசிரியருங்க சேர்ந்து ஒரு வேலையை முடிச்சு நான் பார்த்ததே இல்ல" என்று சிரித்த குமரேசன், சிரிப்பை நிறுத்திக்கொண்டு திரையைப் பார்த்தார். "அப்ப இந்தப் பிள்ளைங்க ஏன் முடிக்கல?"

"அதுதான் சார் தெரியல."

அவர் குரலைத் தணித்துக்கொண்டார். "ரோஜா, எனக்கும் அறுக்க மனசில்லை. ஆனா அவர் திரும்ப இந்தப் பக்கம் எப்ப வருவாரோ. திங்கள் சாயங்காலம் வரைக்கும் பார்ப்போம். அப்புறம் நான் கல்லை எடுத்துட்டுப் போயிடுவேன். மூணு துண்டு, அவ்வளவுதான்."

அன்று சாயங்காலம் விழுப்புரத்தில் பஸ் மாறிக் கோலியனூர் வந்து இறங்கியவளிடம், அப்பா வாசலிலேயே கேட்டார். "கல்லு எப்டிக் கீது?" கல்லூரியில் சேர்த்துவிட்ட பிள்ளையை விசாரிப்பதுபோல வாரம் ஒருமுறை அவர் இதைக் கேட்பது வழக்கம். ரோஜா, "நல்லா இருக்குதுப்பா" என்று சொல்லிவிட்டு, செருப்பைக் கழற்றும் சாக்கில் குனிந்துகொண்டாள்.

மறுநாள் கல்லூரி விடுமுறை. அம்மா காந்திமதி சீனுவாசனின் வயலில் நடவுக்குப் போயிருந்தாள். அவளுக்குச் சோறு எடுத்துக்கொண்டு போன ரோஜா, தூக்குவாளியை வரப்பில் வைத்துவிட்டுத் திரும்பத்தான் நினைத்தாள். சீனுவாசன் ஓடி வந்தார்.

"நல்ல நேரத்துக்கு வந்தம்மா. நாத்து தூக்கற இருதயராஜ் கால்ல கண்ணாடி ஏத்திக்கினு ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கான். ஒரு அர மணி நேரம், நாத்தங்கால்லேர்ந்து நாத்து முடியைத் தூக்கியாந்து இவங்களுக்குக் குடு. நாத்து இல்லாம நிக்கிறாங்க, பேஜாரா கீது."

சேற்றில் பத்துப் பன்னிரண்டு பெண்கள் ஒரே வரிசையாகக் குனிந்திருந்தார்கள். எல்லோரும் ஒரே அசைவாக, இடக்கையில் நாற்று, வலக்கையால் பிரித்து, சேற்றில் குத்தி, ஒரு எட்டுப் பின்னால் நகர்ந்தார்கள். யாரும் யாரையும் பார்க்கவில்லை. வரிசை மட்டும் கோணாமல் பின்னால் போய்க்கொண்டே இருந்தது. அவர்களுக்கு முன்னால், நொடிக்கு நொடி, சேறு பச்சையாகிக்கொண்டு வந்தது.

நாற்றங்கால் சாலைக்கு அந்தப் பக்கம். பறித்துக் கட்டிய நாற்று முடிகள் தண்ணீர் சொட்டச் சொட்டக் குவிந்திருந்தன. ரோஜா ஒரு முடியைத் தூக்கி வந்து வரப்பிலிருந்து வீசினாள். அது வரிசையில் இருந்த வீரம்மாளின் முதுகுக்குப் பக்கத்தில் விழுந்து அவள் முகமெல்லாம் சேற்றை வாரி இறைத்தது.

"அடியே! நடவு நடணுமா, எனக்கு மஞ்சத்தண்ணி ஊத்தணுமா?"

வரிசை முழுக்கச் சிரித்தது. ரோஜாவுக்குக் கூச்சமாகிவிட்டது. அதற்குப் பிறகு அவள் வீசவில்லை. சுடிதாரைத் தூக்கிச் சொருகிக்கொண்டு, கைக்கு ஒன்றாக இரண்டு முடிகளை எடுத்து வந்து, வரப்பில் பார்த்துப் பார்த்து நடந்து, யாருக்குத் தீர்ந்ததோ அவர் கையிலேயே கொடுத்தாள். கொடுத்துவிட்டுத் திரும்பவும் சாலையைத் தாண்டிப் போனாள். சுத்தமான வேலை. ஒரு சொட்டுச் சேறு யார் மேலும் தெறிக்கவில்லை.

அவள் நாலாவது நடை வந்தபோது, வரிசையில் பாதிப் பேர் இடுப்பில் கை வைத்து நிமிர்ந்து நின்றுகொண்டிருந்தார்கள்.

"இவ நாத்து கொண்டாறதுக்குள்ள மொதல்ல நட்டது கதிர் வுட்டுடும் போல" என்றாள் செண்பகம்.

"தாம்பூலத் தட்டு தூக்கிக்கினு பொண்ணு வூட்டுக்கு வர்ற மாதிரி வர்றா பாரு."

"கம்ப்யூட்டர் படிச்ச பொண்ணுடி, ஒண்ணொண்ணா எண்ணிக்கினு வருது."

அம்மாவுக்கு மானம் போயிற்று. "ஏண்டி, கையில குடுக்கச் சொன்னது யாரு? வெறுங்கையா நிக்கிறோம், தெரியல? கூடையில வாரியாந்து எங்களுக்குப் பின்னால வீசிப் போடுடி! நாங்க நட்டுக்கினே வரும்போது கால்ல தட்டுப்படணும். ஜல்தி!"

ரோஜா வரப்பிலேயே நின்றுவிட்டாள்.

பன்னிரண்டு பெண்கள். மின்னல் மாதிரிக் கைகள். அந்தக் கைகளில் ஒன்றுகூட மெதுவாக இல்லை. அவை காலியாக இருந்தன. மெதுவாக இருந்தது தான் மட்டும்தான், சாலையைத் தாண்டிப் போவதும் வருவதுமாக இருந்த தான்.

கார்டு ஏன் சில்லென்று இருந்தது என்பது அவளுக்கு அந்த நொடியில் தெரிந்துபோயிற்று. தன் நிரலை அவள் எப்படி எழுதியிருந்தாள்? ஒரு வரிசைப் புள்ளிகளை எடு. ஒரு நிழலை எடு. இரண்டையும் கம்பி வழியாகக் கார்டுக்கு அனுப்பு. கணக்கைப் போடச் சொல். விடையைத் திரும்ப வாங்கி வை. பிறகு அடுத்த நிழலை எடு. சேறு தெறிக்காத சுத்தமான நிரல். கோர்களுக்கு அது சரியாக இருந்தது, ஏனென்றால் படங்கள் இருந்த நினைவகம் அவற்றின் கைக்கு எட்டும் இடத்திலேயே இருந்தது. கார்டு அப்படியில்லை. அது சாலைக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. அதற்கென்று தனி நினைவகம். ஆயிரக்கணக்கான உறுப்புகள் ஒரு நொடியின் துளியில் கணக்கை முடித்துவிட்டு, அடுத்த நிழல் வந்து சேரும்வரை நிமிர்ந்து நின்றுகொண்டிருந்தன.

"ரோஜா! படம் புடிச்சி வெச்ச மாதிரி நிக்கிற?"

அவள் ஓடினாள். அன்னக்கூடை ஒன்றை வாங்கி, கொண்டமட்டும் முடிகளை அடுக்கி, தலைமேல் தூக்கி வந்தாள். தண்ணீர் கழுத்து வழியாக முதுகில் இறங்கியது. வரப்பில் நடந்தபடியே பெண்களுக்குப் பின்னால், வெறும் சேற்றில், இடைவெளி விட்டு ஒவ்வொன்றாக வீசினாள். சில முடிகள் கவிழ்ந்தன, ஒன்று அவிழ்ந்தது, செண்பகம் மேல் சேறு தெறித்தது. யாரும் இப்போது கோபிக்கவில்லை. நட்டுக்கொண்டே பின்னால் வந்தவர்கள், காலில் தட்டுப்பட்டதை எடுத்துப் பிரித்து, நிமிராமலே நட்டுக்கொண்டு போனார்கள். அவர்கள் நடுகிற நேரத்திலேயே அவள் அடுத்த கூடைக்குப் போய் வந்தாள். அதற்குப் பிறகு அந்த வரிசை ஒரு தடவைகூட நிற்கவில்லை.

வயலின் கடைசி மூலையும் பச்சையானபோது ரோஜா வரப்பில் உட்கார்ந்து அதையே பார்த்தாள். பன்னிரண்டு பேருக்கே இது என்றால், அந்த ஆயிரக்கணக்கான உறுப்புகளும் ஒரு முறை முழுதாகக் குனிந்தால் எப்படி இருக்கும்?

வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டு, மதியமே திண்டிவனம் பஸ்ஸைப் பிடித்தாள். ஆய்வகத்தைத் திறந்துவிட்டது தென்னரசுதான். "லீவு நாள்ல கூடவா" என்று முனகிக்கொண்டே பக்கத்து மேசையில் எதையோ பிரித்துப் போட்டு உட்கார்ந்துகொண்டான்.

ரோஜா எழுதத் தொடங்கினாள். உடனே ஒரு தடை வந்தது. எண்ணூறு கோடிப் புள்ளிகளும் இரண்டாயிரம் படங்களும் ஒரேயடியாகக் கார்டின் நினைவகத்தில் அடங்காது. அவள் சிறிது யோசித்தாள். கல்லைக் கிடையாக எட்டு அடுக்காக மனத்தில் பிரித்தாள். ஒரு அடுக்குக்கு எல்லாப் படங்களிலும் அந்த உயரத்துக்கு நேரான பட்டை மட்டும் போதும், மீதி தேவையில்லை. பட்டைகள் அடங்கும். அடுத்த அடுக்குக்கான பட்டைகளை ஹார்ட் டிஸ்கிலிருந்து படித்து, கறை துடைத்து, அடுக்கி வைக்க வேண்டுமே? அதை எந்தக் கைகள் செய்யும்? பதினாறு கோர்கள் சும்மாதானே இருக்கின்றன. படிப்பது, பிரிப்பது, கெட்ட படத்தைக் கண்டுபிடித்து ஒதுக்குவது, இப்படி வந்தால் இதைச் செய் என்கிற வேலையெல்லாம் அவற்றுக்குத்தான் வரும்.

சாயங்கால வெயில் சன்னலில் இருக்கும்போதே ஓட விட்டாள். பெட்டியின் விசிறி ஒரு பெருமூச்சு விட்டு, பிறகு இரைய ஆரம்பித்தது. தென்னரசு தலையைத் திருப்பினான். திரையின் மூலையில் எழுத்து மாறியது.

"மீதி: முப்பத்தெட்டு நிமிடம்."

"நிமிசமா? சரியாப் பாரும்மா, நாளுன்னு இருக்கப் போவுது."

"நிமிசம்தாண்ணா."

குமரேசன் வீடு அதே ஊரில்தான். ரோஜா போன் செய்ததும் கிளம்பிய அவர் லுங்கியோடு ஸ்கூட்டரில் வந்து சேர்ந்தபோது நாலு அடுக்குகள் முடிந்திருந்தன. மூவரும் நாற்காலிகளைத் திரைக்கு முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்கள். அடுக்குகள் கீழிருந்து ஒவ்வொன்றாகத் திரையில் வந்து உட்கார்ந்தன.

முதலில் அது வெறும் சாம்பல் நிறம். ரோஜா பெரிதாக்கினாள். சாம்பல் நிறம் புள்ளிகளாகப் பிரிந்தது. புள்ளிகள் குழாய்களாக நீண்டன. ஆயிரமாயிரம் குழாய்கள், பக்கத்தில் பக்கத்தில், ஒன்றுகூடக் கலையாமல். வேரிலிருந்து இலைக்குத் தண்ணீர் ஏறிய குழாய்கள். இந்த மண்ணில் மனிதன் என்று ஒருவன் காலடி வைப்பதற்கு எத்தனையோ காலம் முன்பு பெய்த மழை அந்த வழியாக ஏறியிருக்கிறது. குமரேசன் ஆண்டுக்கணக்காகக் கல்மரங்களைத் தொட்டுப் பார்த்தவர். அவரும் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுத் திரைக்குக் கிட்டத்தில் குனிந்தார்.

"அந்த ஓட்டைக்குப் போம்மா."

ரோஜா மெதுவாக நகர்த்தினாள். வெளியே தெரிந்த கரிய ஓட்டை உள்ளே ஒரு வழியாகத் தொடங்கியது. நாரைக் குறுக்கே வெட்டிக்கொண்டு நேராகப் போனது. பிறகு திரும்பி, நார் போன போக்கில் மேலே ஏறியது. போகப் போக அகலமானது. குடைந்து போன பூச்சி வளர்ந்துகொண்டே போயிருக்கிறது. முடிவில் முட்டை வடிவத்தில் ஒரு சிறிய அறை, வழவழப்பான சுவர்களோடு.

"வெடிப்பு இப்படித் திரும்பாது" என்றார் குமரேசன். "இப்படி வளரவும் வளராது. இது தின்னுக்கிட்டே போயிருக்கு ரோஜா. இங்க உட்கார்ந்து கூட்டுப்புழுவா ஆகியிருக்கு."

அவர் எழுந்து மேசைமேல் இருந்த கல்லைக் கையில் எடுத்தார். இவ்வளவையும் வைத்துக்கொண்டு அது எப்போதும்போலக் கனமாக, மூடிக்கொண்டு இருந்தது. அதைக் கண்ணாடி அலமாரிக்குள் வைத்துக் கதவைச் சாத்தினார். "சென்னைக்குப் படம் மட்டும் போனா போதும்."

ரோஜா வெளியே வந்து அப்பாவுக்குப் போன் செய்தாள். அறுப்பதாக இருந்த கதையையும், இனிமேல் அறுக்கப் போவதில்லை என்பதையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள்.

"நீ ஏன் நேத்தே சொல்லல?"

"எப்படிச் சொல்றதுன்னு தெரியலப்பா."

"சரி வுடு. உள்ள இன்னாதான் இருந்துச்சி?"

"ஒரு புழு போன வழிப்பா. ரெண்டு கோடி வருசத்துக்கு முந்தி போயிருக்குது."

"உள்ளயே செத்துப்பூடுச்சா, வெளிய வந்துச்சா?"

ரோஜா போனைக் காதில் வைத்தபடியே உள்ளே ஓடிப் படத்தைத் திருப்பிப் பார்த்தாள். அறையிலிருந்து இன்னொரு வழி, குட்டையாக, பட்டைப் பக்கம் போய் முடிந்திருந்தது. அந்த வாயில் மணல் அடைத்துப் போயிருந்ததால் வெளியே தெரியவில்லை, அவ்வளவுதான்.

"வெளிய வந்துடுச்சிப்பா. றெக்க மொளச்சிப் பறந்து போயிருக்கும்."

"அப்ப சரி" என்றார் சவுரிராயன், நேற்று நடந்த விஷயத்தைக் கேட்டுக்கொண்டவர்போல.

குமரேசன் இன்னும் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "அதே கம்ப்யூட்டர், அதே கார்டு. ஆறு நாள் வேலை முப்பத்தெட்டு நிமிசத்துல முடிஞ்சிருக்கு. நீ அப்படி என்னதான் மாத்தின?"

"கணக்கை மாத்தல சார். அனுப்பற விதத்தைத்தான் மாத்தினேன்" என்றாள் ரோஜா. "முன்ன ஒவ்வொரு படமா கார்டுக்கு அனுப்பி, ஒவ்வொரு விடையா திரும்ப வாங்கினேன். நேரமெல்லாம் போக்குவரத்துலயே போச்சு. இப்ப ஒரு அடுக்குக்கு வேண்டிய படமெல்லாம் மொத்தமா ஒரே தடவை கார்டோட நினைவகத்துக்குப் போயிடுது. அந்த அடுக்கு முழுசும் முடியற வரைக்கும் எதுவும் திரும்ப வராது. முடிஞ்ச அடுக்கு மட்டும் ஒரே தடவை வரும். கார்டு அந்த அடுக்கைச் செய்யும்போதே பதினாறு கோரும் அடுத்த அடுக்குக்கு வேண்டிய படங்களைப் படிச்சு, துடைச்சு, தயாரா வெச்சுடுது. அதனால கார்டு எங்கயும் காத்திருக்கிறதே இல்ல."